காசிமேடு டு இஸ்தான்புல்!

பரீட்சை இல்லாத ஞாயித்துக்கிழமையில விடியக்காலை மூணு மணிக்கு எந்திரிச்சிருக்கீங்களா மக்களே? வேணாம், எந்திரிக்க வேணாம். சனிக்கிழமை ராத்திரி தூங்காம இருந்தாலே போதும். அது நமக்குக் கைவந்த கலைதானே! அப்படியே ராயபுரம் பக்கமா வண்டியைத் திருப்புங்க. மெட்ரோவை நம்பாதீங்க. முதல் வண்டி கிளம்புறதுக்குள்ள காசிமேட்டுல பாதி ஏலம் முடிஞ்சிருக்கும்.

வழியில ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் வரும். தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி இங்கேயிருந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போச்சு. ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி அந்தப் பழைய தூண்களுக்கு ஒரு வணக்கம் வெச்சுட்டு, நேரா கடலைப் பார்த்துப் போங்க. இனிமே யாருகிட்டயும் வழி கேட்க வேண்டாம். மூக்கே கூட்டிட்டுப் போயிடும்.

உள்ள போனா ஒரே லைட்டு வெளிச்சம், தண்ணி, சத்தம். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடம்பா, திருக்கை, பேர் தெரியாத இன்னும் என்னென்னவோ கூறு கூறா கிடக்கும். நடுவுல நின்னு ஏலம் விடுறவர் சொல்ற விலை நமக்குக் காதுல ஏறுறதுக்குள்ள மீன் கை மாறிடும். கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு வர்ற அக்காக்களுக்கு வழி விடலைன்னா உங்களுக்கு அன்னிக்கு நல்ல தமிழ்ப் பாடம் உண்டு. என்னைப் பார்த்து ஒரு அக்கா கேட்டது இது: "இன்னாபா, மீன் வாங்க வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா? ரெண்டும் இல்லன்னா நவுரு." நவுந்துட்டேன்.

ஒரு விஷயம். வடசென்னைன்னாலே சினிமாவுல கத்தியும் கையுமா நாலு பேர் ஓடுவாங்க. நான் போன நாலு தடவையும் கையில கத்தி வெச்சிருந்தவங்க எல்லாரும் மீன்தான் வெட்டிட்டு இருந்தாங்க.

சரி, ஏலம், மீன், விலை... இதெல்லாம் நீங்க யூடியூப்ல பார்த்திருப்பீங்க. நான் சொல்ல வந்தது வேற. கரையில கட்டியிருக்கிற விசைப்படகுல ஏறிப் பாருங்க (கேட்டுட்டு ஏறுங்க, செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க). கேபினுக்குள்ள ஒரு ஆள் புரண்டு படுக்கிற அளவுக்குப் பலகை. மேல சாமி படம். ஓரத்துல அடுப்பு, அரிசி மூட்டை. பத்து, பதினஞ்சு நாள் எட்டு பத்து பேர் இதுலதான் குடும்பம் நடத்தணும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே செல்போன்ல டவர் செத்துடும். அப்புறம்? வலை போடுறதுக்கும் வலை இழுக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற அந்த ரெண்டு மூணு மணி நேரம் என்ன பண்ணுவாங்க?

தூங்குவாங்க. சீட்டு ஆடுவாங்க. மெமரி கார்டுல ஏத்தின படத்தையே அஞ்சாவது தடவை பார்ப்பாங்க. ஒரு சிலர் படிப்பாங்க. அந்த ஒரு சிலரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

என்னை அங்கே கூட்டிட்டுப் போனவர் எங்க காலேஜ் சீனியர் இல்ல. எங்க தெரு சீனியர். பொறந்து வளர்ந்தது காசிமேடு. அப்பா படகுக்குப் போனவர். இவர் மரைன் இன்ஜினீயரிங் படிச்சு, இப்போ சரக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை. லீவுல வந்திருக்கார். "எங்கப்பா மேல நின்னு கடலைப் பார்த்தாரு, நான் கீழ நின்னு பிஸ்டனைப் பார்க்கிறேன். வித்தியாசம் அவ்ளோதான்"னு சொல்லுவார். அவரோட கப்பல் ரிப்பேருக்காக துருக்கியில துஸ்லாங்கிற இடத்துல ஒன்றரை மாசம் நின்னுச்சு. இஸ்தான்புல்லோட ஆசியப் பக்கத்துக் கிழக்கு ஓரம், மர்மரா கடற்கரை. வரிசையா கப்பல் கட்டுற தளங்கள். "இறங்கின உடனே நம்ம எண்ணூர் மாதிரியே இருந்துச்சுடா. கிரேன், தூசி, துருப்பிடிச்ச இரும்பு வாசனை. அழுகையே வந்துடுச்சு"ன்னார். வீட்டு ஞாபகம் எந்த வாசனையில வரும்னு யாரு கண்டா!

வெளிய போக பாஸ் கிடைக்கிற நாள்ல அவர் மர்மராய் ரயில் பிடிப்பாராம். இன்ஜினீயரிங் மக்கள் இங்க கொஞ்சம் கவனிங்க. 2013 அக்டோபர் 29-ம் தேதி திறந்த லைன் இது. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல இருக்கிற போஸ்ஃபரஸ் நீரிணைக்கு (பாஸ்பரஸ் இல்ல, அது கெமிஸ்ட்ரி) அடியில போகுது. கரையில செஞ்ச கான்கிரீட் குழாய்ப் பெட்டிகளைக் கடலுக்குள்ள இறக்கி, ஒண்ணோட ஒண்ணு கோத்த சுரங்கம். அந்தப் பகுதி மட்டும் 1,387 மீட்டர். தண்ணிக்குக் கீழ சுமார் 60 மீட்டர் ஆழம். ஏறும்போது ஆசியா, இறங்கும்போது ஐரோப்பா. நாம தண்டையார்பேட்டையில ஏறி சென்ட்ரல்ல இறங்குற மாதிரி.

இறங்கினா சிர்கெஜி. அங்கேயிருந்து நடந்தா எமினோனு படகுத்துறை, கலாட்டா பாலம். பாலத்தோட கைப்பிடி முழுக்க தூண்டில் போட்டுக்கிட்டு ஜனம் நிக்குமாம். கீழ மீனை வறுத்து ரொட்டிக்குள்ள வெச்சுத் தருவாங்க. நம்ம நெத்திலியோட சொந்தக்காரன் ஒருத்தன் அங்க இருக்கான், பேரு ஹம்சி. கருங்கடல் பக்கத்து ஆளுங்க அதை சோத்துல போடுவாங்க, ரொட்டியில போடுவாங்க, விட்டா காபியில போடுவாங்க போல. "எல்லாம் சரி, காரம் இல்லடா"ங்கிறது அண்ணனோட ஒரே புகார். டீ மட்டும் பிடிச்சுப் போச்சாம். இடுப்பு ஒடுங்கின குட்டிக் கண்ணாடி டம்ளர்ல பால் இல்லாத கறுப்பு டீ. பேரும் 'சாய்'தான்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்க. துருக்கி மொழியில அண்ணனுக்கு 'ஆபி'. டீக்கடைக்காரர், பஸ் டிரைவர், யார்ட்ல வெல்டிங் பண்றவர், எல்லாருமே ஆபிதான். நம்ம ஊர்ல முன்பின் தெரியாத ஆட்டோக்காரர் அண்ணன் ஆகுற மாதிரியே. இலக்கணமும் ஒட்டுது: 'எவ்'னா வீடு, 'எவ்லர்'னா வீடுகள், 'எவ்லர்தே'ன்னா வீடுகளில். பின்னாடி பின்னாடி ஒட்டிக்கிட்டே போற கதை, வினைச்சொல் கடைசியில வர்ற கதை, ரெண்டும் நமக்குப் பழக்கம்தானே? 1928-ல அவங்க அரபு எழுத்தை விட்டுட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிட்டதால அண்ணனால போர்டு எல்லாத்தையும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிஞ்சது. அர்த்தம்தான் ஒண்ணும் தெரியல. "வாசிக்கத் தெரியுது, புரியலை. அது வாசிக்கவே தெரியாததை விடக் கொடுமைடா. ஒரு வாரத்துல எனக்குத் தமிழ் எழுத்தைப் பார்க்கணும்னு வெறி வந்துடுச்சு."

அப்போ அவர்கிட்ட இருந்த தமிழ் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ஓரான் பாமுக்கோட 'இஸ்தான்புல்', ஜி.குப்புசாமி மொழிபெயர்ப்பு, காலச்சுவடு போட்டது. இன்னொண்ணு, அப்பா.

பாமுக்கை முதல்ல முடிச்சிடுறேன். 2006-ல நோபல் வாங்கின துருக்கி எழுத்தாளர். சின்ன வயசுல ஜன்னல்ல உட்கார்ந்து போஸ்ஃபரஸ்ல போற கப்பல்களை எண்ணிக்கிட்டு இருந்ததை அந்த புக்ல எழுதியிருப்பார். 1979 நவம்பர்ல 'இன்டிபென்டென்ட்டா'ங்கிற ருமேனிய எண்ணெய்க் கப்பல் இன்னொரு கப்பல்ல மோதி எரிஞ்சதையும், ஊரே கூடி வேடிக்கை பார்த்ததையும் அதுல சொல்லியிருப்பார். அந்தப் பக்கத்தைப் படிக்கிறப்போ அண்ணனுக்கு 2017 ஜனவரி 28 ஞாபகம் வந்ததாம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி, எண்ணெய் இந்தப் பக்கம் கரை முழுக்க ஒதுங்கி, பக்கெட்ல அள்ளினாங்களே, அந்த நாள். அள்ளினவங்கள்ல காலேஜ் பசங்க நிறைய பேர். உங்க சீனியர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க, யாராவது ஒருத்தர் பாழாப்போன ஒரு ஜீன்ஸ் கதை வெச்சிருப்பார்.

பாமுக் அந்த ஊர்மேல ஒரு சோகம் படிஞ்சிருக்குன்னு சொல்வார், 'ஹுசுன்'னு ஒரு வார்த்தை. புக்கு முழுக்க அதுதான். என்னோட தாழ்மையான அபிப்பிராயம்: காசிமேட்டுக்கு அது செட் ஆகாது. இங்க சோகம் இருக்கு, அதுக்கு டைம்தான் இல்ல. மூணு மணிக்கு ஐஸ் வண்டி வந்துடும்.

இப்போ அப்பா. அவர் பள்ளிக்கூடம் போனது மூணாவது வரைக்கும். ஆனா தினமும் டீக்கடையில 'தினத்தந்தி' எடுத்தா முதல்ல பார்க்கிறது கன்னித்தீவு. 1960-ல ஆரம்பிச்ச சித்திரத் தொடர், தாத்தா காலத்துக் கதை. ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? அதோட ஹீரோ சிந்துபாத் ஒரு கடலோடி! காசிமேட்டு டீக்கடையில அதுக்கு ஏன் மவுசுன்னு இப்போ புரியுதா? அண்ணன் எழுத்துக் கூட்டப் பழகினதே அப்பா மடியில உட்கார்ந்து அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தானாம். துஸ்லாவுல இருந்த ஒன்றரை மாசமும் அப்பா தினமும் காலையில கன்னித்தீவை போன்ல போட்டோ எடுத்து அனுப்புவார். சில நாள் கட்டை விரல் பாதிப் படத்தை மறைச்சிருக்கும். சில நாள் டீ சிந்தியிருக்கும். வேற ஒரு வார்த்தை எழுத மாட்டார். "அது வந்துச்சுன்னா அப்பா எழுந்துட்டாரு, டீ குடிச்சுட்டாரு, உடம்பு நல்லா இருக்காருன்னு அர்த்தம்."

அயல் ஊர்ல உட்கார்ந்து படிக்கிறதுங்கிறது தனி ரகம் போல. இஸ்தான்புல்லையே எடுத்துக்கோங்க. எரிக் அவர்பாக்னு ஒரு ஜெர்மன் பேராசிரியர். யூதர்ங்கிறதால 1935-ல வேலை போச்சு, 1936-ல இஸ்தான்புல் வந்து சேர்ந்தார். கைக்கு நல்ல லைப்ரரி கிடையாது. 1942-லேர்ந்து 1945 வரைக்கும் அங்க உட்கார்ந்து எழுதின 'மிமெசிஸ்' இன்னிக்கும் இலக்கியம் படிக்கிறவங்களுக்குப் பெரிய புக். லைப்ரரி இல்லாததாலதான் இதை எழுதவே முடிஞ்சதுபோலன்னு அவரே கடைசியில சொல்லியிருக்கார். (இதை உங்க ஹெச்.ஓ.டி கிட்ட புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குச் சொல்லாதீங்க, செல்லாது.)

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம ஜோ டி குரூஸ் உவரியில பொறந்து, சென்னையில கப்பல் தொழில்ல இருந்துக்கிட்டேதான் 'ஆழி சூழ் உலகு' எழுதினார், 2004-ல. அடுத்த நாவல் 'கொற்கை'க்கு 2013-ல சாகித்ய அகாடமி விருது. ஊரை விட்டு வந்தவங்களுக்குத்தான் ஊர் நல்லா தெரியும்போல.

கப்பல்ல லைப்ரரி இருக்கணும்னு உலக அளவுல வழிகாட்டுதலே இருக்கு, தெரியுமா? 2006-ல போட்ட கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், எம்.எல்.சி.ன்னு சொல்வாங்க. பயணத்துக்குப் போதுமான புத்தகங்கள் இருக்கணும், அப்பப்ப மாத்தணும்னு அதுல எழுதியிருக்கு. அண்ணன் கப்பல்ல இருந்த லைப்ரரி: கம்ப்ரஸர் மேனுவல் ஆறு, சமையல் புக் ஒண்ணு, கடைசிப் பக்கங்கள் கிழிஞ்ச ஒரு இங்கிலீஷ் கொலைக் கதை. 2020-ல கொரோனா வந்து, ஆறு மாசத்துக்குப் போனவர் பதிமூணு மாசம் கப்பல்லயே மாட்டிக்கிட்டார். பன்னிரண்டு மாசத்துக்கு மேல ஒருத்தரை வெச்சிருக்கக் கூடாதுன்னும் அதே ஒப்பந்தம் சொல்லுது. அந்த வருஷ முடிவுல உலகம் முழுக்க இப்படிச் சிக்கினவங்க சுமார் 4 லட்சம் பேர். யாரு யாரைக் கேட்கிறது? அந்தப் பதிமூணு மாசத்துல கொலைக் கதையை ஒன்பது தடவை படிச்சாராம். கொலைகாரன் யாருன்னு அவருக்கும் கூட இருந்த பிலிப்பைன்ஸ் ஃபிட்டருக்கும் சண்டை. இன்னிக்கு வரைக்கும் தீர்ப்பு வரலை.

ஆனா அந்த ஒப்பந்தம் மீன்பிடிப் படகுக்குக் கிடையாது. மீன்பிடிக்கிற கலங்களை வெளிய விட்டுட்டுத்தான் அதை எழுதியிருக்காங்க. இங்கதான் நான் உங்களுக்கு இன்னொரு அண்ணனைக் காட்டணும்.

காசிமேட்டுப் படகுகள்ல காசிமேட்டு ஆளுங்க மட்டும் இல்ல மக்களே. ஸ்ரீகாகுளம், ஒடிசான்னு அங்கேயிருந்தெல்லாம் வந்து பங்குக்கும் சம்பளத்துக்கும் கடலுக்குப் போறாங்க. 'தண்டேல்' படம் பார்த்தீங்கதானே, 2025-ல வந்தது? அந்த ஊர்க்காரங்கதான். சொந்தக் கரையில தொழில் பத்தலைன்னு குஜராத் வரைக்கும் போய், 2018-ல பாகிஸ்தான்கிட்ட பிடிபட்டு, 2020 ஜனவரியில திரும்பினவங்க கதை அது. சிலர் மேற்கே போறாங்க, சிலர் தெற்கே நம்மகிட்ட வர்றாங்க.

நான் பார்த்த அண்ணனுக்கு நாப்பது வயசு இருக்கும். தமிழ் நல்லா பேசுவார். எழுத்து தெரியாது. போர்டைப் பார்த்தா வளைவு வளைவா இருக்கு, அவ்வளவுதான்னார். துஸ்லாவுல நம்ம சீனியர் பட்ட பாட்டுக்கு நேர் எதிர்! பஜ்ஜி மடிச்சுக் குடுத்த பேப்பர்ல எப்பவாவது தெலுங்கு வந்தா, எண்ணெயை வழிச்சுட்டு மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்குவாராம். கடல்ல படிக்க. கடைசியா கிடைச்சது ஒரு மாவட்டச் செய்தி, பாதி. "யாரோ சர்பஞ்ச் மேல கேஸு தம்பி. என்னாச்சுன்னு தெரியல."

அவர் பலகைக்கு மேல ஒரு பாலித்தீன் கவர். அதுக்குள்ள ஒரு புக். மூணாம் கிளாஸ் தெலுங்குப் பாடப் புத்தகம். மகளோடது, போன வருஷத்துது. உப்புக் காத்துல ஓரம் எல்லாம் ஊதிப்போயிருக்கு. அதுல ஒரு பக்கத்துல பொண்ணு மீனுக்கு மீசை வரைஞ்சிருக்கா. கரைக்கு வந்து டவர் கிடைச்சதும் போன் போட்டு, பாட்டுப் பாடம் எல்லாம் ஒப்பிப்பாராம், இவர் மகளுக்கு! தப்பு சொன்னா அங்கேயிருந்து திட்டு விழும். "இப்ப அது நாலாம் கிளாஸ். நான் மட்டும் மூணுலயே இருக்கேன்"னு சிரிச்சார். சிரிச்சுட்டு வலைப் பக்கம் திரும்பிட்டார்.

2020 ஏப்ரல்ல இவரும் இங்கதான். கடலுக்கும் போக முடியாது, ஊருக்கும் போக முடியாது, படகுலயே வாசம். அந்தப் பக்கத்து ஆளுங்க சிலர் அந்த மாசம் சென்னையிலேர்ந்து படகை எடுத்துக்கிட்டுக் கடல் வழியாவே ஆந்திரா, ஒடிசா எல்லை வரைக்கும் போய்ச் சேர்ந்தாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. இவர் போகலை. "பயம் இல்ல. ஊர்ல வந்து இறங்கினா உள்ள விடுவாங்களான்னு தெரியல"ன்னார். நம்ம சீனியரும் அவரும் பலகையில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, அந்த வருஷத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசினாங்க. ஒருத்தர் அரபிக் கடல்ல நங்கூரம் போட்ட கப்பல்ல, இன்னொருத்தர் காசிமேட்டு ஜெட்டியில கட்டின படகுல. தெலுங்குலயும் அண்ணனுக்கு அன்னதான், தெரியும்ல? ரெண்டு பேரும் மாறி மாறி அன்னா, அண்ணான்னு சொல்லிக்கிட்டதுல எது எந்த மொழின்னு எனக்குத் தெரியல.

எங்க ஊர் 'அம்புலிமாமா'வும் அவங்க ஊர் 'சந்தமாமா'வும் 1947 ஜூலையில ஒரே நேரத்துல இந்தச் சென்னையிலதான் பொறந்துச்சு. 2013-ல நின்னும் போச்சு. இப்போ தெலுங்கு புக் வேணும்னா? எழும்பூர் கன்னிமாரா இருக்கு. 1896-லேர்ந்து இருக்கிற லைப்ரரி, நாட்டுல வர்ற புத்தகங்கள் சட்டப்படி வந்து சேர்ற நாலு இடத்துல ஒண்ணு. தெலுங்குக்குத் தனி அலமாரியே உண்டு. ஆனா பதினஞ்சு நாள் கடல்லயும் ரெண்டு நாள் கரையிலயும் இருக்கிறவர், அந்த ரெண்டு நாள்ல ஐஸ் ஏத்தணும், வலை தைக்கணும், தூங்கணும். எழும்பூர் அவருக்கு இஸ்தான்புல் தூரம்.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இங்க மீன்பிடித் தடை. (துருக்கியிலயும் பெரிய வலைப் படகுகளுக்குத் தடை ஆரம்பிக்கிறது அதே ஏப்ரல் 15-தான். அவங்களுக்கு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் லீவு. நம்ம யுனிவர்சிட்டிக்கு இதை யாராவது சொல்லுங்களேன்.) அந்த ரெண்டு மாசம் காசிமேடு வேற ஊரு. படகெல்லாம் தோள் உரச நிக்கும், பெயின்ட் வாசனை அடிக்கும், வெளியூர் ஆளுங்க ரயில் ஏறிடுவாங்க. கூட்டம் பிடிக்காதவங்க அப்போ போங்க. கேரம் போர்டு எங்கயாவது ஓரமா ஓடிக்கிட்டு இருக்கும், ஒரு ஆட்டம் கேட்டுப் பாருங்க. தோத்துடுவீங்க. இதே வடசென்னையில புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல அமெரிக்காவுல நடந்த உலக கேரம் போட்டியில மூணு தங்கம் ஜெயிச்சிருக்காங்கன்னா இந்த ஏரியாவோட லெவலைப் பார்த்துக்கோங்க.

நம்ம சீனியருக்கு அடுத்த கப்பல் ரெடி, மே மாசம் கிளம்புறார். பாமுக்கை என்கிட்ட குடுத்துட்டார். மூணாவது அத்தியாயத்துல கிரீஸ் கறை இருக்கு. அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கிக் குடுத்து, விரலைத் தள்ளி வெச்சு போட்டோ எடுக்க டிரெய்னிங் நடக்குது.

ஸ்ரீகாகுளத்து அண்ணன் தடை முடிஞ்சு வருவார், ஜூன் 14 ராத்திரி படகு கிளம்புறதுக்கு முன்னாடி. உங்க ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல கண்டிப்பா ஒரு தெலுங்குப் பையனோ பொண்ணோ இருப்பாங்க. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்போ ஒரு வார்த்தை சொல்லி வைங்க: பழைய தெலுங்கு வாரப் பத்திரிகை, கதைப் புக்கு, எது இருந்தாலும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. என்ன வேணும்னு அண்ணனையே கேட்டுட்டேன். கதை சின்னதா இருக்கணும், வலை இழுக்கக் கூப்பிட்டா பாதியில விட முடியாது. எழுத்து பெருசா இருக்கணும், கண்ணாடி இன்னும் போடலை. சினிமாப் பக்கம் இருந்தா மத்தவங்களும் பார்ப்பாங்க. நாலாம் கிளாஸ் பாடப் புத்தகம் கிடைச்சா, அது மேல.

அப்புறம் கடைசிப் பக்கம் இருக்கணும். இது சீனியர் சேர்த்தது.